விழுப்புரத்தில் பிறந்த சிவாஜி கணேசன்: மங்கிப்போன படங்களை ரசிகர்கள் மீட்பது எப்படி?

1964 பொங்கலுக்கு வெளியான ஒரு படம், 48 வருஷம் கழித்து 2012 மார்ச்சில் மறுபடியும் தியேட்டருக்கு வந்தது. டிவியில் எத்தனையோ முறை ஒளிபரப்பான படம்தான். சிடி, டிவிடி எல்லாம் கடைகளில் கிடைத்த படம்தான். ஆனாலும் தியேட்டர் வாசலில் கூட்டம் கூடியது. கட்அவுட்டுக்கு மாலை விழுந்தது. புதுப் படங்களுக்கு நடுவே 100 நாட்களைத் தாண்டி ஓடியது.

அந்தப் படம் கர்ணன். அதில் நடித்த சிவாஜி கணேசன் மறைந்து அப்போது பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

வீட்டிலேயே பார்க்க முடிகிற படத்துக்கு ஏன் இவ்வளவு கூட்டம்? பழைய வீடியோ கேசட்டையும் சிடியையும் வைத்துக்கொண்டு ரசிகர்கள் இன்று ஏன் கம்ப்யூட்டர் முன்னால் ராத்திரி பகலாக உட்கார்ந்திருக்கிறார்கள்? இதைப் புரிந்துகொள்ள சிவாஜியின் வாழ்க்கையையும், அவருடைய படச்சுருள்களுக்கு நேர்ந்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வாங்க பார்க்கலாம்.

விழுப்புரத்தில் தொடங்கிய கதை

1928 அக்டோபர் 1. அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த விழுப்புரத்தில் சின்னையா மன்றாயர் - ராஜாமணி அம்மாள் தம்பதிக்குப் பிறந்தவர் கணேசன். குடும்பத்தின் பூர்வீகம் தஞ்சாவூர் பக்கம் சூரக்கோட்டை. அப்பா சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டு ஜெயிலுக்குப் போனவர். வீட்டில் வறுமை. பிறகு குடும்பம் திருச்சி சங்கிலியாண்டபுரத்துக்குக் குடிபோனது.

சின்ன வயதில் அவர் பார்த்த கட்டபொம்மன் கூத்து, அவரை நாடகத்தின் பக்கம் இழுத்தது. ஏழு வயதில் யதார்த்தம் பொன்னுசாமி பிள்ளையின் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். அப்பா அம்மா இல்லாத பிள்ளை என்று பொய் சொல்லித்தான் உள்ளே போனார்.

பாய்ஸ் கம்பெனி என்றால் என்ன? சிறுவர்களை ஒரே இடத்தில் தங்கவைத்து, சாப்பாடு போட்டு, பாட்டு, வசனம், சண்டை, நடனம் எல்லாம் சொல்லிக்கொடுத்து ஊர் ஊராக நாடகம் போடும் குழு. பெண் வேடத்தையும் பையன்களே போட வேண்டும். கணேசன் முதலில் போட்டது சீதை வேடம். அதே ராமாயணத்தில் பரதன், சூர்ப்பனகை, இந்திரஜித் என்று ஒவ்வொன்றாகப் போட்டார். பின்னாளில் ஒரே படத்தில் ஒன்பது வேடம் போட்டவருக்கு அடித்தளம் அங்கேதான் விழுந்தது.

சிவாஜி ஆனது எப்படி?

1940களின் நடுவில் அறிஞர் அண்ணா எழுதிய சிவாஜி கண்ட இந்து ராஜ்யம் நாடகம் மேடையேறியது. சத்ரபதி சிவாஜி வேடத்துக்கு முதலில் பேசப்பட்டவர் எம்.ஜி.ஆர். அவர் நடிக்காமல் போகவே, வாய்ப்பு கணேசனுக்கு வந்தது. நாடகத்தைப் பார்த்த பெரியார் அவரை சிவாஜி கணேசன் என்று அழைத்தார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அடுத்த திருப்பம் வேலூரில். சக்தி நாடக சபாவின் நூர்ஜஹான் நாடகத்தில் பெண் வேடம் போட்டிருந்த சிவாஜியை, நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ.பெருமாள் முதலியார் பார்த்தார். பராசக்தி படத்துக்கு இவர்தான் ஹீரோ என்று முடிவு செய்தார்.

படத்தில் கூட்டாளியாக இருந்த ஏவி.மெய்யப்பனுக்குத் தொடக்கத்தில் திருப்தி இல்லை. பையன் ஒல்லியாக இருக்கிறான், வேறு ஆளைப் போடலாம் என்ற பேச்சு எழுந்தது. பெருமாள் விடவில்லை. சம்பளம் மாதம் 250 ரூபாய். கிருஷ்ணன் - பஞ்சு இயக்கம், கலைஞர் கருணாநிதி வசனம். 1952 தீபாவளிக்கு, அதாவது அக்டோபர் 17-ம் தேதி படம் வெளியானது. கடைசியில் வரும் நீதிமன்றக் காட்சியை ஊர் ஊராக இளைஞர்கள் மனப்பாடமாகச் சொன்னார்கள். தடை செய்ய வேண்டும் என்று எதிர்ப்பும் கிளம்பியது. படம் ஓடியது.

பெருமாளை சிவாஜி கடைசிவரை மறக்கவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் வேலூர் போய் அவரைப் பார்த்து மரியாதை செய்வதை வழக்கமாக வைத்திருந்தார்.

முகமும் குரலும்தான் மூலதனம்

பராசக்தி வந்து 12 ஆண்டுகளில் சிவாஜி 100 படங்களைத் தொட்டுவிட்டார். நூறாவது படம் ஏ.பி.நாகராஜன் இயக்கிய நவராத்திரி. ஒன்பது வேடங்கள் போட்டது இதில்தான்.

இந்தப் படங்களின் பட்டியல் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொன்றிலும் அவர் எதை வைத்து நடித்தார் என்பதுதான் இங்கே முக்கியம்.

அந்த நாள், 1954. எஸ்.பாலசந்தர் இயக்கிய படம், பாட்டே கிடையாது. சிவாஜிக்கு வில்லத்தனமான வேடம். இருட்டும் நிழலும்தான் படத்தின் பலம். பாதி முகம் வெளிச்சத்தில், பாதி முகம் நிழலில் இருக்கும். அந்த நிழலுக்குள்ளும் கண் தெரியும்.

வீரபாண்டிய கட்டபொம்மன், 1959. சின்ன வயதில் பார்த்த கூத்தின் கதையையே நாடகமாகப் போட்டு, பிறகு பி.ஆர்.பந்துலு இயக்கத்தில் கலர் படமாக எடுத்தார்கள். 1960-ல் கெய்ரோவில் நடந்த ஆசிய - ஆப்பிரிக்கப் பட விழாவில் சிறந்த நடிகர் விருது இந்தப் படத்துக்காகக் கிடைத்தது.

தில்லானா மோகனாம்பாள், 1968. நாதஸ்வரக் கலைஞர் சண்முகசுந்தரம் வேடம். நிஜமாக வாசித்தவர்கள் மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள். ஆனா திரையில் பார்க்கும்போது கன்னம் உப்புவது, விரல் ஓடுவது, மூச்சை இழுப்பது எல்லாம் இசையோடு இம்மி பிசகாமல் இருக்கும்.

தெய்வமகன், 1969. அப்பா, இரண்டு மகன்கள் என மூன்று வேடம். ஒருவருக்கொருவர் நடையும் பார்வையும் வேறு. இந்தியா சார்பில் ஆஸ்கருக்கு அனுப்பப்பட்ட முதல் தென்னிந்தியப் படம் இது.

ஆக, சிவாஜியின் நடிப்பு பெரிய வசனத்தில் மட்டும் இல்லை. புருவத்தில், கன்னத்தில், நிழலுக்குள் இருக்கும் கண்ணில் இருக்கிறது. மங்கிய பிரதியில் முதலில் காணாமல் போவதும் இவைதான்.

கர்ணன்: பிரம்மாண்டமும் பிரிவும்

கட்டபொம்மன் எடுத்த பி.ஆர்.பந்துலுவே கர்ணனையும் எடுத்தார். ஈஸ்ட்மேன் கலர். போர்க்காட்சிகளை குருக்ஷேத்திரத்திலேயே போய்ப் படம்பிடித்தார்கள். கிருஷ்ணராக என்.டி.ராமாராவ். விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசை. 1964 ஜனவரி 14-ல் வெளியானது. ஆனால் போட்ட செலவுக்கு ஏற்ற பெரிய வெற்றி அப்போது கிடைக்கவில்லை.

அதே ஆண்டு தீபாவளிக்கு சிவாஜிக்கு இரண்டு படங்கள் வந்தன. ஒன்று நவராத்திரி, இன்னொன்று பந்துலுவின் முரடன் முத்து. நூறாவது படம் என்ற பெருமை எதற்கு என்ற கேள்வியில் நவராத்திரியே முந்தியது. அதன் பிறகு பந்துலு எம்.ஜி.ஆர். பக்கம் போய், 1965-ல் ஆயிரத்தில் ஒருவன் எடுத்தார். கட்டபொம்மன், கப்பலோட்டிய தமிழன், கர்ணன் தந்த கூட்டணி அதோடு முடிந்தது.

அரசியலில் என்ன நடந்தது?

திரையில் ஏறிய வேகம் அரசியலில் இல்லை. திராவிட இயக்க மேடையில் வளர்ந்தவர், 1950களில் திருப்பதிக்குப் போய்வந்ததைத் தொடர்ந்து கடும் விமர்சனத்துக்கு ஆளானார். பிறகு காமராஜரைத் தலைவராக ஏற்று காங்கிரசில் இருந்தார். மாநிலங்களவை உறுப்பினராகவும் ஆனார். 1988-ல் தமிழக முன்னேற்ற முன்னணி என்று தனிக்கட்சி தொடங்கினார். 1989 தேர்தலில் திருவையாறில் தோற்றார். பின்னாளில் நேரடி அரசியலில் இருந்து ஒதுங்கிவிட்டார்.

விருதுகள் வந்துகொண்டே இருந்தன. 1966-ல் பத்மஸ்ரீ, 1984-ல் பத்மபூஷண், 1995-ல் பிரான்சின் செவாலியே, அடுத்து தாதாசாகேப் பால்கே விருது. 1992-ல் தேவர் மகன், 1999-ல் படையப்பா என்று புதுத் தலைமுறையோடும் நடித்தார். 2001 ஜூலை 21-ல் சென்னையில் காலமானார். வயது 72.

அதற்குள் அவருடைய பழைய படச்சுருள்களுக்கு என்ன ஆகியிருந்தது?

படச்சுருளுக்கு என்ன ஆச்சு?

அப்போது ஒரு படம் என்றால் கேமராவில் ஓடிய மூல நெகட்டிவ் ஒன்று இருக்கும். அதிலிருந்து எடுத்த பிரிண்ட்கள்தான் தியேட்டர்களுக்குப் போகும். பெரிய ஊரில் ஓடி முடித்த பிரிண்ட், அடுத்து சின்ன ஊருக்கும் டூரிங் டாக்கீஸுக்கும் போகும். ஒவ்வொரு ஓட்டத்திலும் கீறல் விழும். அறுந்த இடத்தை வெட்டி ஒட்டுவார்கள். ஒவ்வொரு ஒட்டுக்கும் சில ஃபிரேம்கள் போய்விடும்.

சும்மா பெட்டியில் வைத்திருந்தாலும் படச்சுருள் கெடும். ஈரமும் சூடும் சேர்ந்தால் அசிடேட் பிலிமில் வினிகர் வாடை அடிக்க ஆரம்பிக்கும். சுருங்கும், வளையும், கடைசியில் உடையும். நம்ம ஊர்க் கடலோர வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம். ஈஸ்ட்மேன் கலரில் இன்னொரு பிரச்சினை. நீலப்பச்சைச் சாயம் சீக்கிரம் வெளுத்துவிடும். மிச்சம் இருப்பது சிவப்பு. பழைய கலர் படங்களில் எல்லோர் முகமும் ரோஸ் நிறத்தில் தெரிவது இதனால்தான்.

புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் 1964-ல் தொடங்கியது. கர்ணன் வெளியான அதே ஆண்டு. அதற்கு முன் வந்த எத்தனையோ படங்கள் அதற்குள் போய்விட்டன. தமிழின் முதல் பேசும் படமான 1931-ன் காளிதாஸ் இன்று யாரிடமும் இல்லை.

டெக் வாடகைக்கு எடுத்த காலம்

1980களில் வீடியோ வந்தது. விழுப்புரம், திண்டிவனம் மாதிரி ஊர்களில் கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்றால் டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய படம் போடுவார்கள். அந்தக் கேசட்டுகளில் சிவாஜி படம் கட்டாயம் இருக்கும். தியேட்டரில் பார்க்காத ஒரு தலைமுறை, சிவாஜியைப் பார்த்தது இப்படித்தான்.

இந்த வீடியோ எதிலிருந்து எடுக்கப்பட்டது? பெரும்பாலும் மூல நெகட்டிவில் இருந்து இல்லை. கையில் கிடைத்த, ஏற்கெனவே ஓடித் தேய்ந்த பிரிண்டில் இருந்து. அதை வீடியோவாக்கி, கேசட்டாக்கி, கேசட்டில் இருந்து இன்னொரு கேசட் போட்டு விற்றார்கள். பிறகு அதே மூலத்தைத்தான் பல நேரம் விசிடியாகவும் டிவிடியாகவும் மாற்றினார்கள்.

இதில் எவ்வளவு போகிறது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

• விசிடி: 352 x 288 புள்ளிகள். மொத்தம் சுமார் 1 லட்சம்.
• டிவிடி: 720 x 576 புள்ளிகள். சுமார் 4 லட்சம்.
• ஃபுல் ஹெச்டி: 1920 x 1080 புள்ளிகள். சுமார் 20 லட்சம்.
• 4கே: 3840 x 2160 புள்ளிகள். சுமார் 83 லட்சம்.

அதாவது 4கே படத்தில் 80 புள்ளி இருக்கும் இடத்தில், விசிடியில் ஒரே ஒரு புள்ளி. தூரத்தில் நிற்கும் சிவாஜியின் முகம் மொத்தமும் சில புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். அதில் புருவம் எங்கே, பார்வை எங்கே?

இன்னும் இரண்டு விஷயம் நடந்தது. ஒன்று, வேகம். சினிமா ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். நம்ம ஊர் டிவி முறை 25. பெரும்பாலும் 24-ஐ 25-ஆக ஓட்டிப் பதிவு செய்தார்கள். மூன்று மணி நேரப் படம் ஏழு நிமிஷம் குறைந்துவிடும். குரலும் கொஞ்சம் கீச்சென்று ஆகும். டி.எம்.எஸ். குரல் சில வீடியோக்களில் வழக்கத்தைவிட மெல்லிசாகக் கேட்பதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது, ஓரம். 1973-ல் வந்த சிவாஜியின் ராஜராஜ சோழன், தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். இப்படிப்பட்ட அகலப் படத்தைப் பழைய சதுர டிவிக்கு வெட்டினால் 40 சதவீதத்துக்கும் மேல் போய்விடும். சோழர் சபையில் பாதிப் பேர் காணாமல் போவார்கள். இப்போது தலைகீழ். பழைய சதுரப் படத்தை அகல டிவியில் இழுத்துப் போடுகிறார்கள், முகம் எல்லாம் ஊதிப்போய்த் தெரிகிறது.

2012-ல் கர்ணனுக்கு நடந்தது

இந்த நிலையில்தான் விநியோகஸ்தரான திவ்யா ஃபிலிம்ஸ் சொக்கலிங்கம் கர்ணனைக் கையில் எடுத்தார். இது கேசட்டில் இருந்து செய்த வேலை இல்லை. படச்சுருளையே டிஜிட்டலுக்கு மாற்றி, கீறலும் அழுக்கும் நீக்கி, வெளுத்த நிறத்தைச் சரிசெய்து, ஒலியையும் இன்றைய தியேட்டருக்கு ஏற்ற மாதிரி மாற்றினார்கள்.

இது எவ்வளவு பெரிய வேலை? மூன்று மணி நேரப் படத்தில் ஏறக்குறைய 2 லட்சத்து 59 ஆயிரம் ஃபிரேம்கள் இருக்கும். கீறல் எதில் எங்கே இருக்கிறது என்று அத்தனையையும் அலச வேண்டும்.

2012 மார்ச் 16-ல் படம் வெளியானபோது தியேட்டரை நிரப்பியது ரசிகர்கள்தான். 1964-ல் கைநழுவிய வெற்றி 2012-ல் வந்தது. பார்த்தவர்களுக்கு இது வேறு படம் மாதிரி இருந்தது. வருஷக்கணக்கில் டிவியில் பார்த்தது கர்ணனின் நிழல் மட்டும்தான் என்று அப்போதுதான் பலருக்கும் உறைத்தது.

அதன் பிறகு வரிசை கட்டியது. திருவிளையாடல், 2013-ல் பாசமலர், 2015-ல் வீரபாண்டிய கட்டபொம்மன் என்று சிவாஜி படங்கள் திரும்ப வந்தன. 2014-ல் எம்.ஜி.ஆரின் ஆயிரத்தில் ஒருவனும் வந்தது. பந்துலு இயக்கி இப்படித் திரும்ப வந்த படங்கள் மட்டும் மூன்று.

சுருளே இல்லாவிட்டால்?

எல்லாப் படத்துக்கும் கர்ணன் மாதிரி யோகம் இல்லை. சுருள் யாரிடம் இருக்கிறது என்று தெரியாது, இருந்தாலும் செலவு செய்ய ஆள் இருக்காது. அப்படிப்பட்ட படங்களுக்குக் கிடைப்பது பழைய கேசட்டும் விசிடியும்தான். ரசிகர்கள் வீட்டில் உட்கார்ந்து செய்வது இந்த வேலையை.

இது நம்ம ஊரில் மட்டும் நடப்பது இல்லை. ரிச்சர்ட் வில்லியம்ஸ் பல ஆண்டுகள் உழைத்தும் முடிக்க முடியாமல் கைவிட்டுப்போன தி தீஃப் அண்ட் தி காப்ளர் என்ற கார்ட்டூன் படத்தை, கேரட் கில்கிறிஸ்ட் என்ற ரசிகர் வீடியோ கேசட்டில் இருந்த பிரதியையும் கிடைத்த சுருள் துண்டுகளையும் சேர்த்து ஒட்டி உருவாக்கினார். 1977-ன் ஸ்டார் வார்ஸ் முதலில் தியேட்டரில் ஓடியபடியே வேண்டும் என்று கேட்ட ரசிகர்கள், பழைய தியேட்டர் பிரிண்ட்களைத் தேடிப்பிடித்து 4கே-யில் ஸ்கேன் செய்தார்கள்.

வேலை எப்படி நடக்கிறது? சுருக்கமாக:

1. சேகரிப்பு. ஒரே படத்தின் கேசட், விசிடி, டிவிடி, டிவியில் பதிவு செய்தது என எத்தனை கிடைக்கிறதோ அத்தனையும் வேண்டும். ஒன்றில் வெட்டுப்பட்ட காட்சி இன்னொன்றில் முழுசாக இருக்கும்.

2. ஒப்பீடு. காட்சி காட்சியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எது தெளிவோ அதை எடுக்க வேண்டும். ஒன்றில் சேனல் லோகோ முகத்தை மறைத்தால், அந்த மூலையை மட்டும் வேறு பிரதியில் இருந்து எடுத்து ஒட்டலாம்.

3. வேகத்தைச் சரிசெய்வது. 25-ல் ஓடுவதை 24-க்குக் கொண்டுவந்தால் குரல் பழைய சுருதிக்கு வரும்.

4. கோடு நீக்குவது. பழைய வீடியோவில் கையை வேகமாக வீசினால் சீப்புப் பல் மாதிரி கோடு தெரியும். ஒரு ஃபிரேமை இரண்டு பாதியாகப் பிரித்துப் பதிவு செய்யும் முறையால் வருவது அது. பாதிகளைச் சரியாக இணைத்தால் போய்விடும்.

5. இரைச்சல் குறைப்பு. இரண்டு மூன்று பிரதிகளை மேலே மேலே வைத்துச் சராசரி எடுத்தால், படம் அப்படியே நிற்கும், புள்ளி புள்ளியான இரைச்சல் மட்டும் குறையும்.

6. ஒலி. இங்கே தமிழ்நாட்டுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. கட்டபொம்மன், திருவிளையாடல் மாதிரி படங்களின் கதை வசனம் இசைத்தட்டாகவும் ஆடியோ கேசட்டாகவும் வந்தது. கோயில் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கரில் கேட்டிருப்பீர்கள். வீடியோவில் கரகரக்கும் இடத்துக்கு அந்த இசைத்தட்டு கைகொடுக்கும். ஆனா பாட்டு இசைத்தட்டில் ஒரு நீளம், படத்தில் வேறு நீளம் இருக்கலாம். உதட்டசைவோடு சேர்கிறதா என்று பார்த்துத்தான் ஒட்ட வேண்டும். தில்லானா மோகனாம்பாளில் நாதஸ்வரம் அரை நொடி பிந்தினால்கூட சிவாஜியின் உழைப்பு வீணாகிவிடும்.

ஏஐ-யிடம் கொடுத்தால் போதுமா?

இப்போது பலரும் செய்வது இதைத்தான். விசிடியை எடுத்து ஏஐ மென்பொருளில் போட்டு 4கே என்று பெயர் வைத்து ஏற்றிவிடுகிறார்கள். பார்க்க பளிச்சென்று இருக்கும். கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தோல் மெழுகு பூசிய மாதிரி இருக்கும். கூட்டத்தில் நிற்பவர்களின் முகம் கோணியிருக்கும்.

காரணம் எளிது. ஒரு லட்சம் புள்ளியில் இல்லாத தகவலை 83 லட்சம் புள்ளியில் காட்ட வேண்டும் என்றால், மிச்சத்தை மென்பொருள் ஊகித்துத்தான் வரைய வேண்டும். அது வரைவது லட்சக்கணக்கான வேறு முகங்களைப் பார்த்துப் பழகிய ஒரு பொது முகம். துக்கத்தை அடக்கும்போது சிவாஜியின் கன்னம் துடிக்கும் விதம் அதற்குத் தெரியாது. துடிப்பை இரைச்சல் என்று நினைத்து வழித்துவிடவும் கூடும். அந்த நாள் படத்தின் நிழலைக் குறை என்று நினைத்து வெளிச்சமாக்கிவிடவும் கூடும்.

அதனால் கவனமாகச் செய்யும் ரசிகர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். இருப்பதைத் துடைக்கலாம், இல்லாததை வரையக் கூடாது. எதில் இருந்து எடுத்தது, என்ன மாற்றினோம் என்பதையும் எழுதி வைத்துவிட வேண்டும். துடைக்காத மூலப் பதிவையும் தனியாகப் பத்திரப்படுத்த வேண்டும். பத்து வருஷம் கழித்து நல்ல முறை வந்தால் அதிலிருந்து மறுபடி தொடங்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்துக்கான உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். அந்தக் கணக்கில் 1952-ன் பராசக்திக்கு 2012 முடிவோடு காலம் முடிந்தது. 1964-ன் கர்ணனுக்கு 2024 முடிவோடு.

ஆனா அவசரப்பட வேண்டாம். படத்துக்குள் இருக்கும் வசனம், பாடல் வரிகள், இசை ஆகியவற்றுக்குத் தனி உரிமை உண்டு. அது எழுதியவர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் வரை நீளும். பராசக்தி வசனம் எழுதிய கருணாநிதி மறைந்தது 2018-ல். அதனால் வீட்டில் பாதுகாப்பதற்காகச் செய்வது வேறு, பொதுவில் ஏற்றிக் காசு பார்ப்பது வேறு. ஏற்றுவதற்கு முன் உரிமை யாரிடம் இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

உங்க வீட்டுப் பரணில் கேசட் இருக்கா?

உலகிலேயே கடைசியாக வீடியோ டெக் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016-ல் அதை நிறுத்திவிட்டது. இனி இருக்கும் டெக்குகள் பழுதாகிக்கொண்டேதான் போகும். கேசட்டில் படம் இருந்தும் ஓட்ட மெஷின் இல்லாத நாள் தூரத்தில் இல்லை. அதனால் பழைய கேசட் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

• கேசட்டைப் படுக்கவைக்காமல் புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள். வெயில், ஈரம், ஸ்பீக்கர் பக்கம் வேண்டாம்.
• வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் டெக்கில் போடாதீர்கள். டேப்பும் கெடும், டெக்கும் கெடும். தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள்.
• டிஜிட்டலுக்கு மாற்றும்போது லோகோ, விளம்பரம், கீறல் எதையும் வெட்டாமல் முழுசாக மாற்றுங்கள். சுத்தம் செய்வது அடுத்த வேலை.
• ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு மூன்று இடத்தில் நகல் வைத்துக்கொள்ளுங்கள்.
• படச்சுருள் டப்பா கிடைத்து வினிகர் வாடை அடித்தால் தூக்கி எறிய வேண்டாம், வீட்டில் ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். தேசியத் திரைப்படக் காப்பகம் போன்ற இடத்துக்குத் தகவல் சொல்லலாம்.

சிவாஜிக்கு சென்னை அடையாறில் மணிமண்டபம் இருக்கிறது, அவர் வாழ்ந்த தெருவுக்கு அவர் பெயர் இருக்கிறது. ஆனால் அவர் நடிப்பு இருப்பது ஃபிரேம்களில் மட்டும்தான். பாய்ஸ் கம்பெனி மேடையில் போட்ட சீதை வேடத்தை இனி யாராலும் பார்க்க முடியாது, அதைப் படம்பிடித்தவர் இல்லை. படம்பிடித்ததும் அப்படிப் போய்விடக் கூடாது என்பதற்குத்தான் இந்த மெனக்கெடல் எல்லாம்.